கல்லில் நின்ற பெயர்கள்

மகன் களத்தில் புறமுதுகிட்டான் என ஊரார் கூறக் கேட்ட முதியவள் ஒருத்தி, வாளொடு களம் புகுந்து, கிடந்த உடல்களைப் புரட்டிப் பார்த்துத் துண்டுபட்ட தன் மகனைக் கண்டதைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார் (புறம் 278). அவள் உற்ற உவகையையே நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவ்வுவகைக்கு முன் நிகழ்ந்தது அடையாளங்காணல். உடல் கிடைத்திராவிடில் பழிச்சொல்லும் தீர்ந்திராது.

அவளுக்கு வாய்த்தது, 1942 முதல் 1945 வரை பர்மாக் காடுகளில் மறைந்த வீரரின் தாயர் பலர்க்கு வாய்க்கவில்லை. அக்காலப் பிரித்தானியப் படைமுறையில் வீரன் கழுத்தில் இரு வில்லைகள் தொங்கும். அவன் இறந்தால் சிவப்பு வட்டத்தைக் கழற்றிக் கணக்கில் சேர்ப்பர். பச்சை எண்கோண வில்லை உடலோடு இருக்கும். இரண்டும் அழுத்திய நாரால் ஆனவை. பருவமழை மண்ணில் நாரும் கயிறும் எத்தனை நாள் தாங்கும்?

படைத்தலைவர்க்கும் இதே கதிதான். 1944 மார்ச் 24இல் மணிப்பூர் மலையில் விமானம் விழுந்து மாண்டார் தளபதி விங்கேட். உடன் சென்றோரின் எச்சங்களிலிருந்து அவருடையதைப் பிரித்தறிய இயலவில்லை. ஆதலின் அனைவரையும் சேர்த்தே 1950இல் அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கினர்.

இரங்கூனுக்கு வடக்கே தௌக்கியன் போர்க்கல்லறையில் 6,374 அடக்கங்கள் உள்ளன. அவற்றுள் 867 இன்னார் எனத் தெரியாதவை. அங்கேயே 1958இல் திறக்கப்பட்ட நினைவுத் தூண்களில், அறியப்பட்ட கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் பெயர்கள் அவற்றுள் மிகப் பல. பெயர் உள்ளது, உடல் இல்லை. உடல் உள்ளது, பெயர் இல்லை.

பெயர் இருந்தும் ஆளை அறிவது நம் பக்கத்தில் எளிதன்று. பழனிச்சாமி, இராமசாமி, பொன்னுசாமி என்னும் பெயர்கள் கொங்கு நாட்டில் தெருவுக்கு நால்வர்க்கு உண்டு. ஆங்கில எழுத்தர் அவற்றை நினைத்தவாறெல்லாம் எழுதினர். குடும்பப் பெயரிடும் வழக்கம் நமக்கில்லை. தந்தை பெயரே துணை. ஊரிருக்குமிடத்தில் 'கோயமுத்தூர்' என்றிருப்பின் நம் நகரென மயங்கலாகாது. 1979இல் பிரிந்த ஈரோடு மாவட்டமும், 1956இல் மைசூர் மாநிலத்தில் சேர்ந்த கொள்ளேகாலும் அன்று கோயமுத்தூர் மாவட்டமே. ஆய்வு மாணவர் பலர் இங்கேதான் வழி தவறுவர்.

நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு துறைகள் வகுத்தது. முதற்படி கல்லைத் தேர்வதே. ஆளைத் தேடுவது அன்று. அன்றைய போர் அண்டை ஊரில் நடந்தது, வீழ்ந்தவனை ஊரே அறியும். கடல்கடந்த போர் அவ்வறிவைப் பறித்தது. 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு ஓலை வந்த வீட்டில் மனைவி தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா? இறந்த நாள் தெரியாதவனுக்குப் பேரூர் நொய்யற் படித்துறையில் ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைப்பது ஒன்றே வழி. கையறுநிலை பாடிய மரபில் இவர்களுக்கெனப் பாட்டு அரிது என்பது எனக்கு ஆற்றாமையே.

வெட்சி மறவர்க்கு முழங்கிய துடியைப் பெயரில் கொண்ட நம் துடியலூர், வெலிங்டன் படைமையத்துக்கு ஏறும் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ளது. வட்டத்துக் கவிஞர்கள் தத்தம் ஊரில் அப்படிப் போய்த் திரும்பாதவர் எவரேனும் உளரா எனக் கேட்டெழுத வேண்டுகிறேன்: தந்தை பெயர், பழைய வட்டம், படை எண், வீட்டில் அழைத்த பெயர், பரணில் கிடக்கும் பதக்கத்தின் விளிம்பில் எழுத்திருப்பின் அதுவும்.