பல்கலைக்கழகப் பெயரும் அண்ணன், அக்கா சொல்லும் பேச்சும்

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அந்த அக்கா எங்கே படிச்சாங்க?" என்பதுதான். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்திற்கு, போய்ப் படித்தவரின் வாய்வார்த்தையே பெரிய ஆதாரம். யுபியு விண்ணப்பத்தில் விருப்ப வரிசையைக்கூட அதுவே முடிவு செய்கிறது.

பெயருக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது, 1947-இல் கல்லூரியானது. 1971-இல் 'பெர்த்தானியான்', அதாவது விவசாயப் பல்கலைக்கழகம் ஆனது. பின்னர் பொறியியல், மருத்துவம், கணினி என்று துறைகள் பெருகின. விவசாயம் என்ற பெயர் அவற்றைக் காட்டவில்லை. 1997-இல் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரைத் தாங்கி, புத்ரா மலேசியா பல்கலைக்கழகமானது. பெர்த்தானியான் போய் புத்ரா வந்தாலும் 'யுபிஎம்' என்ற சுருக்கம் அப்படியே நின்றது. பழைய மாணவர்கள் சம்பாதித்துத் தந்த நற்பெயரும் கைவிட்டுப் போகவில்லை. கெட்டிக்காரத்தனமான பெயர் மாற்றம்தான்!

தனியார் உயர்கல்விக்கூடங்களின் கதை வேறு. 1996 தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் அவை பெருகின; மாணவர்களுக்கான போட்டியும் கூடியது. கல்விக் கண்காட்சி, விளம்பரப் பலகை ஆகியவற்றைவிட மாணவர் பேச்சே அதிகம் எடுபடும் என்பது நிர்வாகங்களுக்கும் தெரியும். அதனால், நண்பரைச் சேர்த்துவிட்டால் கட்டணக் கழிவோ ரொக்கமோ தரும் திட்டங்களைச் சில கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால், பரிந்துரைப்பவரிடம் "உனக்கு ஏதும் கிடைக்குமா?" என்று கேட்பதும் தவறில்லை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எங்கே சந்தித்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நல்ல மனதோடு சொல்லப்படும் பரிந்துரையிலும் ஒரு குறை உண்டு. கணக்கியல் படித்த அண்ணனுக்கு அதே வளாகத்தின் பொறியியல் துறை தெரியாது. எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் பொதுவாக ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாக மதிப்பிட்டே அங்கீகாரம் தருகிறது. ஒரு படிப்பு முழு அங்கீகாரம் பெற்றிருக்கும். பக்கத்து வகுப்பறையில் நடக்கும் புதிய படிப்புக்குத் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே இருக்கலாம். பிடிபிடிஎன் கடனுக்கும் இது முக்கியம். எம்கியூஏ இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியம், மருத்துவம் என்றால் மருத்துவ மன்றம் ஆகியவற்றின் ஏற்பையும் பார்க்க வேண்டும்.

அண்ணன், அக்காவிடம் கேட்க வேண்டியவை வேறு: விரிவுரையாளர் அடிக்கடி மாறுகிறாரா, கட்டணம் நடுவில் ஏறியதா, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடித் தந்தார்களா, கூடப் படித்த எத்தனை பேர் இப்போது அந்தத் துறையிலேயே வேலை செய்கிறார்கள். இவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஒருவரிடம் மட்டும் கேட்காமல், படிப்பைப் பாதியில் விட்டவர் ஒருவரையும் தேடிப் பிடித்துக் கேட்பது நல்லது.