பாம்பன் கால்வாயில் கப்பல் பார்த்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

மலையிலே பிறந்து வளர்ந்த நமக்குக் கப்பல் என்றால் பாடப்புத்தகப் படம்தான். கொட்டச்சேட்டிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் குப்பனூர் வழியாக இறங்கி, சேலம் போய், அங்கிருந்தும் பாதி நாள் பயணம் செய்ய வேண்டும். ஆனால் நம் மலைக்கும் கப்பலுக்கும் உறவு பழையது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் இந்த மலையின் விளைச்சல் கடல் கடந்த சந்தையை நம்பியே இருக்கிறது. நாம் கப்பலைப் பார்க்காவிட்டாலும் நம் பிழைப்பில் ஒரு பங்கு கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆற்றங்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, தொலைநோக்கியும் கேமராவுமாகச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். போகிற வருகிற சரக்குக் கப்பல்களின் பெயரைக் குறித்துக்கொண்டு படம் எடுப்பது அவர்களுடைய பொழுதுபோக்காம். "இதெல்லாம் நம்ம ஊர்ல உண்டா சார்?" என்று கேட்டிருந்தார். உண்டு தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வெளியுலகம். ஜெர்மனியில் எல்ப் ஆற்றின் கரையில், ஹாம்பர்க் துறைமுகத்துக்குச் சற்று முன்னால் வேடல் என்று ஓர் ஊர். அங்கே 1952 முதல் கப்பல்களை வரவேற்கும் நிலையம் ஒன்று நடக்கிறது. வருகிற கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். அதைப் பார்க்கவே மக்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் ஆற்றில் 1874ல் தொடங்கிய வெஸ்ட்காட் நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கே படகில் போய்த் தபால் கொடுக்கிறது. மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்குவார்கள். கடிதங்களை அதில் போட்டால் மேலே போய்விடும். அந்தப் படகுக்கென்றே தனி அஞ்சல் குறியீட்டு எண் உண்டு: 48222.

நம் நாட்டில் ஆற்றில் பெரிய கப்பலைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டு ஆறுகளில் சரக்குக் கப்பல் வருவதில்லை. ஆனால் ஆறு போலவே குறுகலாக, இரண்டு கரையிலும் மனிதர் நின்று பார்க்கும்படி கப்பல் போகிற ஓர் இடம் நம்மிடம் இருக்கிறது. அதுதான் பாம்பன் கால்வாய்.

வரைபடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல். அதிலும் பெரும்பகுதி பாறையும் ஆழமில்லாத நீரும்தான். கப்பல் போகக்கூடிய பள்ளம் ஒரு சிறு பகுதி மட்டுமே. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் அதை வெட்டி ஆழப்படுத்தினார்கள். அப்படியும் பெரிய கப்பல் போக முடியாது; அவை இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். 1860ல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி பெரிய கால்வாய் ஒன்று வெட்டலாம் என்று யோசனை சொன்னார். அந்த யோசனைதான் பல உருவம் எடுத்து 2005ல் சேதுசமுத்திரத் திட்டமாகத் தொடங்கி, பாதியில் நின்றது. ஆகவே பாம்பன் வழியாகப் போவது சிறிய கப்பல்கள்தான்: இழுவைக் கப்பல், மிதவைக் கப்பல், கடலோரக் காவல் படைக் கப்பல், ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள்.

சரி, இதில் பார்க்க என்ன இருக்கிறது? பாலம் இருக்கிறது.

1911ல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடல் மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம். ரயிலும் போக வேண்டும், கப்பலும் போக வேண்டும். அதனால் நடுவில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு கதவுபோல் மேலே தூக்கும்படி அமைத்தார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்ஜர் என்ற பொறியாளர். சிகாகோ ஆற்றில் படகுப் போக்குவரத்தும் வண்டிப் போக்குவரத்தும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் யோசித்த வழி இது. 1893ல், முப்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார். தன் பெயர் ராமேஸ்வரத்துக் கடலில் நூறு ஆண்டுக்கு மேல் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பழைய தூக்குப் பாலத்துக்கு மின்விசை கிடையாது. தொழிலாளர்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் இயந்திரத்தைச் சுழற்றித்தான் திறப்பார்கள். கப்பல்கள் வந்து நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். ரயில் இல்லாத நேரம் பார்த்துப் பாலம் திறக்கும். வழிகாட்டி ஏறிய கப்பல் முதலில் போகும். பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை வரிசையில் வரும். 1988ல் பக்கத்திலேயே உயரமான சாலைப் பாலம் வந்தபின், இதை மேலிருந்து பார்க்க எல்லோருக்கும் ஓர் இடம் கிடைத்தது. பாலம் திறக்கிறது என்றால் பேருந்து, கார், சைக்கிள் எல்லாம் நின்றுவிடும். யாத்திரை வந்தவர்கள், மீனவப் பிள்ளைகள், தேங்காய் வண்டிக்காரர் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம். கைபேசி வந்தபின் ஒவ்வொருவரும் படக்காரர்தான். மடக்கு நாற்காலி மட்டும்தான் இல்லை!

நம் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனபோது ஒரு முறை அப்படி வாய்த்தது. மிதவை ஒன்றை இழுத்துக்கொண்டு ஓர் இழுவைக் கப்பல் கீழே போனது. "சார், கயிறு அறுந்தா என்ன ஆகும்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த நீரோட்டத்தில் பாலத்தின் தூணில் மோதும் என்றேன். அந்தக் கேள்விக்காகவே சுற்றுலா வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கால்வாயைக் கடந்தது சரக்கு மட்டுமில்லை. பாலம் திறந்த 1914ல்தான் தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் போகும் வழி ஏற்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட அந்த ரயிலுக்கு 'போட் மெயில்' என்று பெயர். இர்வின், கோஷன் என்ற கப்பல்களைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போனது மண்டபம் முகாம் வழியாகத்தான்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை விழுந்தன. ஷெர்ஜரின் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. பின்னாளில் மெட்ரோ ரயிலால் புகழ்பெற்ற ஸ்ரீதரன், அப்போது இளம் பொறியாளர், 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்.

அதே 1964 அக்டோபரில்தான் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு அந்த எண்ணிக்கையை எழுதவில்லை. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, இந்தப் பாலத்தின் மேல் ரயிலில் வந்த குடும்பங்கள் எத்தனையோ. தேயிலை மலையில் பிறந்தவர்கள், பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' வந்தார்கள்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, லிப்ட் போல நேர் மேலே 17 மீட்டர் உயரும். மின்விசையில் இயங்குகிறது, கையால் சுழற்ற ஆள் வேண்டாம். நல்லதுதான். அந்த உப்புக்காற்றில் அவர்கள் பட்ட பாடு போதும். பழைய பாலம் இனி நிற்கப் போவதில்லை. அது போனபின், அந்த இரும்புக் கதவு திறந்து கப்பல் போன காட்சிக்குச் சாட்சி, சாலைப் பாலத்தில் நின்று சாதாரண மக்கள் எடுத்த படங்கள்தான்.

அதனால்தான் கப்பல் படம் எடுப்பதை வெட்டிவேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேதியும் பெயரும் இல்லாத படம் பாதிப் படம். கப்பலின் பெயர், எந்தத் திசையில் போனது, என்ன நாள், இந்த மூன்றையும் எழுதிவையுங்கள். பெரிய கப்பலென்றால் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் இருக்கும். பெயர் மாறும், கொடி மாறும், உரிமையாளர் மாறுவார். அந்த எண் மாறாது. 1987ல் ஏற்கப்பட்டு 1996 முதல் கட்டாயமான முறை இது.

கணக்கு வகுப்பை மறந்தவர்களுக்கு ஒரு பயிற்சி. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்ட 'எவர் கிவன்' கப்பலின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 63 + 48 + 5 + 4 + 0 + 0 = 120. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 0. எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. எந்தக் கப்பலுக்கும் இப்படி ஒத்துவர வேண்டும். வராவிட்டால் எண்ணை எங்கோ தப்பாகக் குறித்திருக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை. துறைமுகத்துக்குள்ளும் கடற்படைக் கப்பல்களையும் அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது. சாலைப் பாலத்தில் வண்டியை நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு படத்துக்காக ஆம்புலன்ஸ் காத்திருக்கக்கூடாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ராமேஸ்வரம் போனபோது எடுத்த பழைய படம் இருந்தால், பின்பக்கம் பென்சிலால் ஆண்டும் ஆட்களின் பெயரும் எழுதுங்கள். இலங்கையிலிருந்து வந்த பாட்டி, தாத்தா இருந்தால் எந்தக் கப்பலில் வந்தீர்கள், யார் யார் கூட வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். இதை அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். பாலமாவது அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

எழுதியதைக் கீழே பதியுங்கள், நான் படிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் வழக்கம்போல் சிவப்பு மையில் சுழிப்பேன்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்