காரணம் தெரியும் முன்பே வந்த கையேடு

1/ 1981 ஜூன் 5: லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து ஆண்களுக்கு அபூர்வ நிமோனியா என்று அமெரிக்க சிடிசி அறிவித்தது. ஐவரும் தன்பாலீர்ப்பாளர்கள். சீக்கிரமே 'கே கேன்சர்'னு பேர் வெச்சுட்டாங்க.

2/ 1983, நியூயார்க். மைக்கேல் காலன், ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ் என்ற இரு கே நோயாளிகள், தங்கள் டாக்டர் ஜோசப் சானபெண்ட் வழிகாட்டுதலில் 40 பக்கக் கையேடு போட்டாங்க. செக்ஸே வேண்டாம்னு சொல்லல, ஆணுறை போடுங்கன்னாங்க.

3/ இப்போ எச்ஐவின்னு சொல்ற வைரஸ்தான் காரணம்னு 1984லதான் உறுதியாச்சு. கையேடு சந்தேகப்பட்டது சைட்டோமெகலோ வைரஸை. கணிப்பு தப்பு, ஆனா ஆணுறை எச்ஐவியையும் தடுத்தது.

4/ தொற்றுக்கு முன்பே எடுக்கும் ப்ரெப் மாத்திரை, 2012ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தவறாம எடுத்தா, உடலுறவு வழியா எச்ஐவி வர்ற வாய்ப்பு சுமார் 99% குறையும்.

5/ ஆனா வெட்கப்பட வெச்சா யாரும் டெஸ்ட்டுக்கே வரமாட்டாங்க. அவங்க திட்டாம எழுதினாங்க. டாக்டர்கள் நாமளும் அப்படித்தான் பேசணும்.