‘வழக்கமாக’

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவன் நான். மூன்று வருஷப் படிப்பு. 1998ல் ஒய்2கே கோளாறைச் சரிசெய்யும் வேலைக்கு, கோபால் (COBOL) என்ற கணினி மொழி தெரிந்த ஆட்களை அமெரிக்கா தேடியபோது, அந்த மூன்று வருஷம் எனக்கு முட்டுக்கட்டையாக நின்றது. அங்கே இளங்கலை என்றால் நான்கு வருஷம். இந்திய மூன்று வருஷப் பட்டம் அதற்கு ஈடாகாது என்று 1977லேயே ஒரு குடியேற்ற வழக்கில் முடிவாகியிருந்தது. குறைகிற ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்று ஆண்டு வேலை அனுபவம் காட்டலாம் என்ற கணக்கு இருந்ததால்தான் பிழைத்தேன். சென்னையில் ஐந்து வருஷம் கோபால் எழுதியதற்கு லெட்டர்ஹெட்டில் வாங்கிய சான்றும், கல்லூரி மதிப்பெண் பட்டியலும் சேர்ந்து ‘இவாலுவேஷன்’ ஆகி, என்னை கணிப்பொறிப் பட்டதாரிக்குச் சமம் ஆக்கின.

நான் தகுதியானவன் என்று காட்டியாகிவிட்டது, இனி கவலையில்லை என்று நினைத்தேன். வேலையும் தகுதியானதுதான் என்று தனியாக நிரூபிக்க வேண்டும் என்பது எடிசன் நகரில் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்த பிறகே புரிந்தது. 2005லிருந்து அங்கே வேலை விவரக் கடிதங்களை எழுதுவது என் பொறுப்பு. லாயர் பெட்டிஷன் போடுவார். அதற்குள் இருக்கும் வேலையைச் சொல்ல வேண்டியவன் நான்.

தகுதியை நிரூபிக்கும் இந்தப் பாரம் ஆளிடமிருந்து வேலைக்கு இடம்பெயர்ந்த கதை நீளமானது. ஹெச்-1 விசா 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. சிறப்பான தகுதியும் திறமையும் உள்ளவர் தற்காலிகமாக வரலாம் என்றது அது. சட்டத்தின் கண் முதலில் ஆளின்மேல்தான் விழுந்தது. வேலையே தற்காலிகமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1970ல் போயிற்று. 1990 நவம்பரில் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம்தான் ஹெச்-1பிக்கு இன்றைய வடிவம் கொடுத்து, ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு கட்டி, ‘சிறப்புத் துறை வேலை’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட துறையின் ஆழ்ந்த அறிவு தேவைப்படும் வேலை. அதில் நுழையவே அந்தத் துறையில் இளங்கலைப் பட்டமாவது வேண்டும். அதை நிரூபிக்க விதியில் நான்கு வழிகள். முதல் வழி, அந்த வேலைக்குப் பட்டம் ‘வழக்கமாக’ குறைந்தபட்சத் தேவை என்று காட்டுவது.

என் இருபது வருஷ உழைப்பு அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடந்தது.

வழக்கம் எது என்று யார் சொல்வது? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒரு தொழில் வழிகாட்டிக் கையேடு வெளியிடுகிறது. எந்த வேலைக்கு என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று பள்ளிப் பிள்ளைகளும் வேலை தேடுகிறவர்களும் தெரிந்துகொள்வதற்கான புத்தகம். விசா அதிகாரிகள் அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் எங்கள் கடிதங்களை நிறுத்துப் பார்த்தார்கள். புரோகிராமர் பகுதியில், பெரும்பாலானவர்களுக்கு இளங்கலைப் பட்டம் உண்டு, ஆனால் சில முதலாளிகள் இரண்டாண்டுப் பட்டம் உள்ளவர்களையும் எடுக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ‘ஆனால்’ பல குடும்பங்களை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பியது.

2000 டிசம்பரில் குடியேற்றத் துறையின் நெப்ராஸ்கா சேவை மையம், புரோகிராமர் வேலையைப் பொதுவாகத் தகுதியானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று உள்குறிப்பு எழுதியிருந்தது. அதே 2000ல் நர்சுகள் பற்றிய டிஃபென்சர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு முடிச்சும் போட்டிருந்தது: ஆளை அனுப்பும் ஏஜென்சி பட்டம் கேட்டால் போதாது, அவர் போய் வேலை செய்யும் மருத்துவமனை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற கன்சல்டிங் கம்பெனிகள் ‘க்ளையன்ட் லெட்டர்’ கேட்டு அலைவதற்கு அதுவே வேர்.

நெப்ராஸ்கா குறிப்பு 2017 மார்ச் 31, வெள்ளிக்கிழமை தேதியிட்ட இன்னொரு குறிப்பால் ரத்தானது. திங்கட்கிழமை, ஏப்ரல் 3, அந்த ஆண்டின் பெட்டிஷன்கள் வாங்கும் முதல் நாள். எங்கள் உறைகள் எல்லாம் ஒட்டித் தயாராக இருந்தன.

அவற்றில் ஒன்று திருச்சிப் பையன் ஒருவனுடையது. இங்கேயே எம்.எஸ். முடித்தவன், விசாக் குலுக்கலில் பெயர் வந்தது. செப்டம்பரில் ஆர்.எஃப்.இ. வந்தது, கூடுதல் ஆதாரம் கேட்டு. சம்பள நிலை ஒன்று, அதாவது தொடக்க நிலை என்று போட்டிருக்கிறீர்கள், அப்படியானால் வேலை எப்படிச் சிக்கலானதாக இருக்கும் என்று கேள்வி. அவன் பக்கத்தில் நான்கு இரவுகள் உட்கார்ந்து, அவன் கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். தரவு மாதிரி வடிவமைப்பது இத்தனை சதவீதம், கோட் எழுதுவது இத்தனை, சோதிப்பது இத்தனை; ஒவ்வொன்றுக்கும் அவன் படித்த எந்தப் பாடம் தேவை என்று. அக்டோபர் 1 முதல் அவன் வேலைக்கு வரக்கூடாது. முடிவு வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஜனவரியில் மறுப்பு வந்தது. நெவார்க் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த நாள் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. புரோகிராமர் வேலை என்னவென்று தெரிந்த யாரும் அப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

2020 டிசம்பர் 16 அன்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னோவா சொல்யூஷன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பாலானவர்களுக்குப் பட்டம் இருக்கிறது, அதுவே பொதுவாகத் தேவைப்படும் படிப்பு என்று கையேடு சொல்லும்போது, அதற்கும் விதியின் ‘வழக்கமாக’ என்பதற்கும் வித்தியாசமே இல்லை; மறுத்தது காரணமற்ற முடிவு என்றார்கள் நீதிபதிகள். 2021 பிப்ரவரியில் 2017 குறிப்பும் விலக்கப்பட்டது. பிறகு 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விதியில், ‘வழக்கமாக’ என்றால் ‘எப்போதும்’ என்று பொருள் அல்ல என்று எழுத்திலேயே சேர்த்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அந்தத் திருச்சிப் பையனுக்கு அனுப்பினேன். திருச்சியில் நல்ல வேலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். ராத்திரி கூப்பிட்டான். விதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “அண்ணே, அந்த லெட்டர் உங்ககிட்ட இன்னும் இருக்கா? நான் செஞ்ச வேலையை அவ்வளவு வெவரமா யாரும் எழுதுனது இல்ல. ஒரு காப்பி அனுப்புங்க” என்றான்.

கோப்பிலிருந்து எடுத்து, மறுநாள் காலையில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதினோரு பக்கம்.