சோக்கா: ஒரு பெயருள் மறைந்த ஒலி



பெயர்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு சொல்லின் எழுத்து மாறும்போது, அதனுட் பொதிந்திருந்த ஒரு மக்களின் நினைவும் மறைந்துபோவதுண்டு. திரினிடாட் தீவிற் பிறந்த 'சோக்கா' என்னும் இசையின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

அத்தீவின் பழைய பாட்டு காலிப்சோ. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அதனை வளர்த்தனர். 'கைசோ' என்பது அதன் மறுபெயர். மேற்கு ஆபிரிக்க மொழிகளிலிருந்து அச்சொல் வந்ததென அறிஞர் பலர் கருதுவர். ஏட்டில் ஏறியபோதோ, கிரேக்க காவியத்து அணங்கு ஒருத்தியின் பெயரோடு அது ஒன்றிவிட்டது. 'மறைத்தல்' என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது அக்கிரேக்கப் பெயர்!

அடிமைமுறை ஒழிந்தபின், 1845 முதல் 1917 வரை, ஏறத்தாழ 144,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலும், சிலர் சென்னையிலும் கப்பலேறியவர்கள். டோலக்கும், 'தந்தால்' எனப்படும் இரும்புத் தாளக்கருவியும் அவர்தம் வீடுகளில் ஒலித்தன.

இந்தியர் மிகுந்து வாழ்ந்த லெங்குவா என்னும் ஊரில், 1941 ஆம் ஆண்டு, ஆபிரிக்க வழியிற் பிறந்தவர் கார்பீல்ட் பிளாக்மன். 'லோர்ட் ஷோர்ட்டி' என்பது அவரது மேடைப்பெயர். இளமையிற் கேட்ட அயலவர் தாளத்தை அவர் காலிப்சோவிற் கலந்தார். 1973 இல் 'இந்திராணி' என்னும் பாடல் வெளிவந்தது. காலிப்சோவைக் கெடுக்கின்றார் என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் இந்தியக் கருவிகளை விலக்கினார், தாளத்தை விலக்கினாரல்லர். அதனை மேனாட்டு முரசுக்கும் கித்தாருக்கும் மாற்றி, 1974 இல் வெளியிட்ட 'என்ட்லெஸ் வைப்ரேஷன்ஸ்' என்னும் பாடலாற் பெருவெற்றி கண்டார்.

புதிய இசைக்கு அவர் பெயரிட்ட முறை கருதத்தக்கது. காலிப்சோவின் ஈற்றொலியாகிய 'சோ'வோடு, இந்திய நெடுங்கணக்கின் மெய்வரிசையைத் தொடங்கும் 'க' ஒலியைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் எழுதுகையில் அவ்வொலிக்குக் 'கே' என்னும் எழுத்தையே இட்டார். பத்திரிகைகளோ 'சீ' என்னும் எழுத்தை இட்டன. அதனால், கறுப்பின அமெரிக்கரின் 'சோல்' இசையும் காலிப்சோவும் சேர்ந்ததே இப்பெயர் என்னும் விளக்கம் எங்கும் பரவியது. தாம் இந்தியத் தொடர்பைக் காட்டவே அவ்வாறு எழுதியதாக அவர் விளக்கிய பின்னும், பரவிய எழுத்தே நிலைத்தது. 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

முன்னர் ஆபிரிக்கரின் ஒலி கிரேக்கப் பெயருள் மறைந்தது. பின்னர் இந்தியரின் ஒலி ஆங்கில எழுத்துள் மறைந்தது. எனினும், தாளம் மறையவில்லை. ககரத்தை மண்ணில் எழுதிப் பழகிய நாம், அப்பெயரைச் செவியாற் கேட்குமிடத்து, அவ்வொலியை இன்றும் இனங்காணலாம்.