காளை, பசு, பச்சைக் கட்டம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் தொடரலாம், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுக்கு நடுவே கைப்பேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினார். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் நான்கை ஒரே நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் ஒவ்வொரு சொல்லும் நான்கு கட்டங்களிலும் ஒன்றாக விழும். மொத்தம் ஒன்பது வாய்ப்பு. பெயர் குவார்டில். "இது புது ஆட்டம் சார், வேர்டிலுக்கு அப்புறம் வந்தது" என்றார்.

புதுசுதான். ஆனால் அதன் தாத்தா நம்முடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தவர். கடைசி பெஞ்சில் நடந்த ஆட்டம் அது. ஆசிரியருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஆடுவார்கள். எங்களுக்குத் தெரியும். சத்தம் வராத ஆட்டம் என்பதால் பல நாள் நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் அதற்குக் 'காளைகளும் பசுக்களும்' என்று பெயர். இரண்டு பேர், ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். ஒவ்வொருவரும் நான்கிலக்க எண் ஒன்றை மறைத்து எழுதிக்கொள்வார்கள். ஒரே இலக்கம் இரண்டு முறை வரக்கூடாது. மற்றவர் ஒரு எண்ணைச் சொன்னால், இடமும் சரியாக இருக்கும் இலக்கத்துக்கு ஒரு காளை, இலக்கம் சரி ஆனால் இடம் தப்பு என்றால் ஒரு பசு. நான் மறைத்தது 5083, நீங்கள் சொன்னது 8041 என்று வையுங்கள். 0 அதே இடத்தில் இருக்கிறது, ஒரு காளை. 8 இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில், ஒரு பசு. "ஒரு காளை, ஒரு பசு" என்று மட்டும் சொல்வேன். எது காளை, எது பசு என்று சொல்ல மாட்டேன். அந்த மௌனத்தில்தான் ஆட்டமே இருக்கிறது.

இப்படி எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 5040. பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று பெருக்கிப் பாருங்கள் (பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் மனக்கணக்காகவே போடலாம்). பூஜ்யம் முதலிலும் வரலாம் என்று வைத்த கணக்கு இது. இத்தனையிலிருந்து ஒன்றைக் கண்டுபிடிக்க, சரியாக யோசித்தால் ஏழு கேள்விகளுக்கு மேல் ஒருபோதும் தேவையில்லை என்பது கணினி கொண்டு நிறுவப்பட்ட உண்மை. சராசரியாக ஐந்தேகால் கேள்வி போதும்.

இந்த ஆட்டத்தோடு கண்டுபிடித்தவர் பெயர் எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பல்லாங்குழியை, ஆடுபுலி ஆட்டத்தை யார் கண்டுபிடித்தார் என்று நாம் கேட்பதில்லையே, அப்படித்தான். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தார், அவர் அடுத்தவருக்குச் சொன்னார். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள்; பிற்பாடு வேண்டியிருக்கும்.

காகிதத்திலிருந்து கணினிக்கு இந்த ஆட்டம் எப்போது போனது? செல்போன் காலத்தில் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் 1960களிலேயே போய்விட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டைட்டன் என்று ஒரு பெரிய கணினி. பலர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு முனையத்திலிருந்து பயன்படுத்தும் வசதி அதில் இருந்தது. அங்கே ஃபிராங்க் கிங் என்பவர் இந்த ஆட்டத்துக்கு 1968-இல் ஒரு நிரல் எழுதினார். பெயர் 'மூ'. ஆம், மாடு கத்துகிற சத்தம்தான். பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மல்டிக்ஸ் கணினிக்கு ஜெரால்ட் குரோச்சோ ஒன்று எழுதினார். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவானபோது அதிலும் 'மூ' இருந்தது. இன்று நம் கையிலுள்ள கைப்பேசிகளின் அடித்தளத்தில் யூனிக்ஸின் வாரிசுகள்தான் ஓடுகின்றன. அந்தப் பரம்பரையின் முதல் தலைமுறையிலேயே இந்த மாடு கட்டப்பட்டிருந்தது என்பது எனக்குப் பிடித்த தகவல்.

கணினிக்குப் போனதும் ஆட்டத்தில் ஒன்று மாறியது. காகிதத்தில் எதிராளியின் பதிலை நம்பித்தான் ஆட வேண்டும். அவன் ஒரு பசுவை எண்ண மறந்துவிட்டால் உங்கள் பத்து நிமிடக் கணக்கும் பாழ். எத்தனை நட்பு அதில் உடைந்து, மதிய உணவு வேளையில் ஒட்டியிருக்கிறது! இயந்திரம் எண்ணத் தவறுவதில்லை. அது நல்லது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஆளும் கூடவே எழுந்து போய்விட்டார். இரண்டு பேர் ஆட்டம் ஒருவர் ஆட்டமாகிவிட்டது.

அடுத்த கட்டம் கடை. மார்டெக்காய் மெய்ரோவிட்ஸ் என்பவர் இஸ்ரேலில் அஞ்சல் அதிகாரி, தொலைத்தொடர்பு அறிந்தவர். 1970 வாக்கில் இலக்கங்களுக்குப் பதிலாக நிற முளைகளை வைத்து ஒரு பலகை செய்தார். காளைக்குக் கறுப்பு முள், பசுவுக்கு வெள்ளை முள். பெரிய பொம்மைக் கம்பெனிகள் வேண்டாம் என்றன. கடைசியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதுதான் மாஸ்டர்மைண்ட். உலகம் முழுக்க ஐந்து கோடிக்கு மேல் விற்றது.

அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் அட்டைப்படம் மறக்காது. தாடி வைத்த ஒரு மனிதர் கோட்டு சூட்டோடு விரல்களைக் கோத்து உட்கார்ந்திருப்பார். பின்னால் வெள்ளை உடையில் ஒரு பெண். ஏதோ உளவுப்படம் போல இருக்கும். அவர் லெஸ்டரில் முடிதிருத்தும் நிலையங்கள் நடத்தியவர், அந்தப் பெண் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த மாணவி. கடைசி பெஞ்சு ஆட்டத்துக்கு இத்தனை அலங்காரம்! ஆனால் விற்றது அந்த அலங்காரத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

நான்கு முளை, ஆறு நிறம், ஒரே நிறம் திரும்ப வரலாம்; 1296 வாய்ப்புகள். இதை ஐந்தே ஊகங்களில் எப்போதும் கண்டுபிடிக்கலாம் என்று டொனால்ட் குனுத் 1970களில் ஒரு கட்டுரையில் காட்டினார். கணினி அறிவியலில் பீஷ்மர் போன்றவர். முதல் ஊகத்தில் இரண்டு நிறங்களை இரண்டிரண்டாக வை என்பது அவர் வழி. விடையைத் தேடாதே, வாய்ப்புகளை அதிகமாக வெட்டும் கேள்வியைத் தேடு என்பதுதான் அதன் சாரம். பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது லேசான வேலை இல்லை. எல்லோருக்கும் முதல் ஊகத்திலேயே அடித்துவிட வேண்டும் என்றுதான் ஆசை.

எண் போய் நிறம் வந்தது போல, எழுத்தும் வந்தது. 1955-இல் மார்ட்டன் ரோசன்ஃபெல்ட் என்பவர் ஜாட்டோ என்ற ஆட்டத்தை வெளியிட்டார். ஐந்தெழுத்துச் சொல், தாள், பென்சில். ஆனால் எத்தனை எழுத்து பொருந்துகிறது என்று மட்டும்தான் சொல்வார்கள். இடம் சொல்ல மாட்டார்கள். 1987-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லிங்கோ வந்தது. ஐந்தெழுத்துச் சொல், ஐந்து வாய்ப்பு, சரியான இடத்துக்கு ஒரு குறி, இடம் மாறியதற்கு வேறு குறி, எல்லாம் கட்டங்களில். நெதர்லாந்தில் அதே நிகழ்ச்சி 1989-லிருந்து 2014 வரை ஓடியது. ஆக, பச்சை மஞ்சள் கட்டங்களுக்கு முன்பே கட்டங்கள் இருந்தன.

இப்போது வேர்டில். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்தவர். கொரோனா காலத்தில், சொல் விளையாட்டில் பிரியமுள்ள தன் துணைவி பலக் ஷாவுக்காக இதைச் செய்தார். பெயரே அவர் குடும்பப் பெயரை வைத்து ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 உண்டு. பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாதவை. பலக் ஷா உட்கார்ந்து தனக்குத் தெரிந்த சொற்களாகப் பொறுக்கி ஏறத்தாழ 2,500 ஆகக் குறைத்தார். வேர்டிலை ஆட முடிகிறது என்றால் அது இந்தச் சலிக்கும் வேலையால்தான். நிரல் எழுதியவரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

2021 அக்டோபரில் பொதுவில் விட்டார். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். ஜனவரி 2 அன்று மூன்று லட்சத்துக்கு மேல்.

ஏன் இப்படிப் பரவியது? என் கணிப்பு இது. நாளைக்கு ஒரு சொல், எல்லோருக்கும் அதே சொல். விடையைச் சொல்லாமல் வெறும் நிறக் கட்டங்களை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பலாம். நான் நான்கில் முடித்தேன், நீ? 1968-இல் எழுந்து போன எதிராளி திரும்பி வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

2022 ஜனவரி 31 அன்று நியூயார்க் டைம்ஸ் இதை வாங்கிய செய்தி வந்தது. விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது என்பது வரை சொன்னார்கள்.

அதற்குள் வெளியே கிளைகள் முளைத்துவிட்டன. இரண்டு சொல்லுக்கு டார்டில், நான்குக்குக் குவார்டில், எட்டுக்கு ஆக்டார்டில். சமன்பாட்டைக் கண்டுபிடிக்க நெர்டில். நாட்டின் வரைபடத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வோர்ல்டில். பாதிக்கு மேல் சலிப்பூட்டும் ரகம், எண்ணிக்கையைக் கூட்டினால் புதுமை என்று நினைப்பவை. ஒன்றே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: அப்சர்டில். அதில் கணினி எந்தச் சொல்லையும் முன்கூட்டி நினைப்பதில்லை. நீங்கள் ஒவ்வொரு முறை ஊகிக்கும்போதும், அதிகமான சொற்கள் மிச்சம் இருக்கும்படியான பதிலையே தேர்ந்து சொல்லும். முன்பு சொன்ன எதற்கும் முரண்படாது. ஆனாலும் நழுவிக்கொண்டே போகும்.

காகிதத்தில் ஆடியவர்களுக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும். தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, நாம் நெருங்கும்போது எண்ணை மெதுவாக மாற்றி எழுதுகிற பயல்! சொன்ன பதில்களுக்குப் பொருந்தும் எண்ணாக மாற்றிவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படி மாற்றுவதற்கு நேர்மையாக ஆடுவதைவிட அதிகம் கணக்கு தெரிய வேண்டும். அந்தத் திருட்டையே விதியாக்கியது அப்சர்டில்.

2024 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. ரியாக்டில் என்று ஒரு நிரலாளர் வேர்டிலைப் போலவே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கிட்ஹப் தளத்தில் வைத்திருந்தார். அதிலிருந்து 1,900-க்கும் மேற்பட்ட கிளைகள் பிறந்திருந்தன. அவற்றில் பல வேற்று மொழிகளுக்கானவை. பதிப்புரிமையைக் காட்டி இவற்றை எடுக்கச் சொன்னது டைம்ஸ். ஐந்துக்கு ஆறு கட்டம், சரியான எழுத்துக்குப் பச்சை, இடம் மாறியதற்கு மஞ்சள் இவையெல்லாம் தன் உடைமையின் கூறுகள் என்பது அதன் வாதம்.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு விளையாட்டின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. விதியை விளக்கும் வாசகத்துக்கு, படத்துக்கு, வடிவமைப்புக்கு உண்டு. பெயருக்கு வணிக முத்திரை உண்டு. காசு கொடுத்து வாங்கிய பெயரை டைம்ஸ் காப்பாற்றிக்கொள்வதில் எனக்குக் குறையில்லை. வேர்டில் என்று பெயர் வைத்து ஒருவர் கடை போட்டால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கட்டமும் நிறமும்? ஃபிராங்க் கிங் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, மெய்ரோவிட்ஸ் கேட்கவில்லை, வார்டிலும் கேட்கவில்லை. அனுமதி கேட்க ஆளில்லாததால்தான் இந்த ஆட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்தது. கடைசியாக வந்தவர் கதவைச் சாத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: வேற்று மொழிக்கு இந்த ஆட்டம் போக வேண்டுமானால் அப்படியே நகல் எடுத்தால் போதாது, உள்ளே கை வைத்து மாற்ற வேண்டும். தமிழையே பாருங்கள். நமக்கு 26 எழுத்து இல்லை, 247. மறைத்த சொல் 'கடல்', நீங்கள் போட்டது 'குடம்' என்றால், ஆங்கில விதிப்படி 'ட' மட்டும் பச்சை. 'கு'வும் 'க'வும் வேறு வேறு எழுத்து, ஆகவே சாம்பல். ஆனால் மெய் சரி, உயிர்தான் வேறு. அதைச் சொல்லாவிட்டால் 247 எழுத்தில் தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே 'மெய் பொருந்துகிறது' என்பதற்கு மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும். காளை, பசுவோடு ஒரு கன்றுக்குட்டி என்று வையுங்கள். இன்னொரு சிக்கல், 'கு' கணினிக்குள் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகக் கிடக்கிறது. சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணச் சொல்லித்தர வேண்டும். தமிழில் இதைச் செய்து பார்த்த இளைஞர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் கடந்துதான் வர வேண்டியிருந்தது.

சரி, போதும். ஒரு தாளில் நான்கிலக்க எண் ஒன்றை எழுதி மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இலக்கம் எதுவும் திரும்ப வராது. கீழே உங்கள் ஊகத்தைப் போடுங்கள், காளையும் பசுவும் நான் சொல்கிறேன். ஆளுக்கு ஏழு வாய்ப்பு. அடுத்தவருக்குச் சொன்ன பதிலைப் பார்த்து ஆடுவது உங்கள் சாமர்த்தியம், தடையில்லை. எண்ணை நடுவில் மாற்ற மாட்டேன். மதியம் தூங்கும் நேரத்தில் மட்டும் பதில் வராது.