தீயும் தண்ணீரும் காத்தவர்கள்

திருமழிசைக்குள் தண்டவாளம் கிடையாது. ஆழ்வார் பிறந்த ஊரிலிருந்து வடக்கே போனால்தான் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ரயில் பாதை வரும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான். பாதை போட்டவர்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். இந்த வாரம், வண்டி ஓட்டியவர்கள்.

நீராவிக் காலத்தில் யாரும் நேராக டிரைவர் ஆகிவிட முடியாது. லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து இன்ஜினின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு இரண்டாவது பயர்மேன், முதல் பயர்மேன், ஷன்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர் என்று ஏற வேண்டும். மெயில் வண்டி கைக்கு வரும்போது தலை நரைத்திருக்கும். வெள்ளையர் ஆட்சியில் அந்த மேல்படிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும்தான். நம்மவர்கள் பலருக்குக் கரி அள்ளியே சர்வீஸ் முடிந்தது. திறமை இல்லாமல் அல்ல, இடம் தரவில்லை.

அந்தத் திறமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்மீது எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். மட்டம் மிகவும் இறங்கினால் தீ எரியும் உலையின் கூரை தண்ணீர் இல்லாமல் காயும். அங்கே பொருத்திய ஈய அடைப்பான் உருகி, நீராவி தீயின்மேல் பாயும். வண்டி நடுவழியில் நிற்கும், டிரைவர் விசாரணைக்கு நிற்பார். மட்டம் அதிகமானாலோ நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய் அதை உடைத்துவிடும். சாம்பல் மிகுந்த கரி வந்தால் அது தணலில் உருகிக் கட்டிதட்டி, காற்றை அடைக்கும். பயர்மேன் ஓடும் வண்டியிலேயே நீண்ட கம்பியால் அதைக் கிளறி உடைப்பார். சித்திரை வெயிலில், திறந்த உலைக்கு முன்னால்!

இந்த வேலைக்கு நேரக் கணக்கே இல்லாமல் இருந்ததுதான் பெரிய கொடுமை. வண்டி போய்ச் சேரும்வரை டூட்டி. சிக்னலில் எத்தனை மணி நேரம் நின்றாலும் தீயை விட்டு நகர முடியாது. ரன்னிங் ரூமில் படுத்த சற்று நேரத்தில் அடுத்த வண்டிக்கு ஆள் வந்து எழுப்புவார். 1973 ஆகஸ்டில் லோகோ ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்த பிறகே, டூட்டி 10 மணி நேரத்தைத் தாண்டாது என்ற உறுதிமொழி கிடைத்தது. அது முழுதாக நிறைவேறவில்லை. 1974 மே 8 அன்று ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

வேலைநிறுத்தம் நீடித்த அந்த இருபது நாட்களை அடுத்த வாரம் பார்ப்போம்.